கணினிக் கேள்வி பதில்: பைபையில் நம்பை

வாணியம்பாடி வாசகர்: தோலைப் படமெடுத்துச் சதுர அடி கணக்கிடும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். 1600×1200 படம், நம்பை (NumPy, பைத்தானில் எண் அட்டவணைகளைக் கையாளும் லைப்ரரி) அரேயில் ஒவ்வொரு பிக்சலாகப் பார்த்து எண்ணுகிறது. வேகம் போதவில்லை என்று பைபைக்கு (PyPy, பைத்தான் புரோகிராம்களை வேகமாக ஓட்டும் மாற்று பைத்தான்) மாற்றினேன். முன்பைவிட மெதுவாகிவிட்டது. ஏன்?

நேரமெல்லாம் பைபைக்கும் நம்பைக்கும் நடுவில் உள்ள வாசலில் போகிறது. நம்பை, வழக்கமான பைத்தானான சிபைதானின் உள்ளமைப்பை நம்பி சி மொழியில் எழுதப்பட்டது. அங்கே ஒரு ஆப்ஜெக்ட் மெமரியில் பிறந்த இடத்திலேயே இருக்கும். அதை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறோம் என்ற எண்ணிக்கையும் கூடவே இருக்கும். பைபையின் கார்பேஜ் கலெக்டரோ (வேண்டாத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து அகற்றும் பகுதி) ஆப்ஜெக்டுகளை இடம் மாற்றக்கூடும். அதனால் சி பக்கம் போய்வரும் ஒவ்வொன்றுக்கும் சிபைஎக்ஸ்ட் என்ற அடுக்கு ஒரு பதிலாளை உருவாக்கி, இரு பக்கக் கணக்கையும் சரிபார்க்கிறது. பைபையின் ஜிட்டுக்கு (JIT, புரோகிராம் ஓடும்போதே அதை மெஷின் கோடாக மாற்றும் பகுதி) அந்த வாசலுக்கு அப்பால் நடப்பது தெரியாது. உங்கள் லூப் ஒரு படத்துக்கு 19,20,000 முறை அந்த வாசலைத் தாண்டுகிறது.

பரப்பளவு மட்டும் போதுமென்றால் பைபையே வேண்டாம். தோல் பின்னணியைவிடக் கருமையாக இருந்தால், எல்லை மதிப்புக்குக் கீழே உள்ள பிக்சல்களை நம்பையின் கவுண்ட்_நான்ஜீரோ ஒரே அழைப்பில் எண்ணிவிடும். பிக்சல் ஒன்று 2 மி.மீ. × 2 மி.மீ. என்றால், ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 23,226 பிக்சல். வந்த எண்ணிக்கையை இதால் வகுத்தால் வேலை முடிந்தது.

பைபை கைகொடுப்பது விளிம்பைத் தொடர்ந்து போகும் வேலையில். ஓட்டை, கிழிசல், வால் பக்கம் என்று அடுத்த பிக்சலைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அதை ஒரே அரே கணக்காக மாற்றுவது கடினம். அப்போது 8 பிட் கறுப்பு வெள்ளைப் படத்தை டுபைட்ஸ் மூலம் ஒரே தடவை பைட்ஸாக்கிக்கொள்ளுங்கள். பிக்சலின் இடம் y×1600+x. பிறகு லூப் முழுக்க நம்பையைத் தொடவே கூடாது. தசம எண்கள் என்றால் டுலிஸ்ட். மெமரி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

காட்பாடி மாணவி: ஒரே கோடை சிபைதானிலும் பைபையிலும் டைம்இட்டில் (timeit, பைத்தானோடு வரும் நேரம் அளக்கும் கருவி) ஓட்டி ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. எதை நம்புவது?

டைம்இட்டை இந்த ஒப்பீட்டுக்கு நம்பாதீர்கள். சிபைதானின் டைம்இட் மிகக் குறைந்த நேரத்தைக் காட்டும், பைபையின் டைம்இட் சராசரியைக் காட்டும். இரண்டும் ஒன்றல்ல. தவிர, பைபை ஒரு லூப்பை ஏறத்தாழ ஆயிரம் சுற்று பார்த்த பிறகே (இயல்பு எல்லை 1039) மெஷின் கோடாக மாற்றத் தொடங்கும். முதல் சில ஓட்டங்கள் மெதுவாக இருப்பது அதனால்தான்.

பைபெர்ஃப் (pyperf) என்ற அளவீட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஜிட் இருப்பதைத் தானே கண்டுகொண்டு, ஒவ்வொரு புராசஸிலும் முதல் ஓட்டங்களை வார்ம்அப் என்று தள்ளிவிட்ட பிறகே அளக்கும். மேட்ரிக்ஸ் பெருக்கலை அளப்பதாக இருந்தால் ஓபன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ் மாறியை 1 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை கோர் சும்மா இருந்தது என்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். பெரிய மேட்ரிக்ஸ் என்றால் இரண்டிலும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே வரும், ஏனென்றால் உழைப்பது ஓபன்பிளாஸ் (நம்பைக்காக மேட்ரிக்ஸ் கணக்குகளைச் செய்யும் லைப்ரரி).

வேலூர் வெயிலையும் மறக்காதீர்கள். மே மாத மதியத்தில் லேப்டாப் சூடேறினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினாலும் அப்படித்தான். சார்ஜரில் போட்டு, விடியற்காலையில், சிபைதான், பைபை, சிபைதான், பைபை என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

ஆற்காடு வாசகர்: பைபையில் பிப் மூலம் நம்பை போட்டால் நெடுநேரம் கம்பைல் ஆகிறது. பரவாயில்லையா?

உங்கள் பைபை பதிப்புக்கு ஏற்ற வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) கிடைக்கவில்லை, அதனால் சோர்ஸிலிருந்து கட்டுகிறது. அதில் ஒரு பொறி உண்டு: சிஸ்டத்தில் ஓபன்பிளாஸ் போன்ற பிளாஸ் (மேட்ரிக்ஸ் கணக்கு) லைப்ரரி இல்லாவிட்டாலும் பிழை காட்டாமல், மெதுவான மாற்றுக் கோடோடு கட்டி முடித்துவிடும். பிறகு பெருக்கல் மெதுவாக வரும். பழி பைபைமேல் விழும். உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், லிப்ஓபன்பிளாஸ்-டெவ் மூன்றையும் முதலில் போடுங்கள். கட்டியதும் நம்பையின் ஷோ_கான்ஃபிக்கை அழைத்து, இரண்டு பைத்தானிலும் பிளாஸ் வரியில் ஓபன்பிளாஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அளக்கத் தொடங்குங்கள்.