கார்பன் வீல் வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான்கு வருடமாக அலுமினிய ரோட் பைக் ஓட்டுகிறேன். ரிம் பிரேக், பின்னால் 9 கியர், வண்டியோடு வந்த அதே வீலும் டயரும். ஞாயிறுதோறும் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய் வருவேன். போன சீசனில் 200 கி.மீ. பி.ஆர்.எம். (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடித்தேன், அடுத்தது 300. ஏற்காடும் கொல்லிமலையும் ஏற ஆசை. எங்கள் குழுவில் ஒருவர் தன்னுடைய 50 மி.மீ. கார்பன் வீல்செட்டை 55,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். என் வீலைவிட 400 கிராம் குறைவாம். ரிம்மில் குறையும் 1 கிராம் மற்ற இடத்தில் குறையும் 2 கிராமுக்குச் சமம் என்றும் சொல்கிறார். என் எடை 76 கிலோ. வாங்கலாமா?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்கும் நீங்கள் போக நினைக்கும் மலைகளுக்கும் அது சரிவராது.

அந்த 1-க்கு 2 கணக்கில் உண்மை இருக்கிறது. ரிம் முன்னாலும் நகர்கிறது, கூடவே சுற்றவும் செய்கிறது, அதனால் வேகம் கூட்டும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமைதான். ஆனால் அது வேகம் கூட்டுகிற அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். ஒரே சீராக மலை ஏறும்போது ரிம்மில் இருக்கும் 1 கிராமும் தண்ணீர் பாட்டிலில் இருக்கும் 1 கிராமும் ஒன்றுதான். நீங்கள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொண்டால் 400 கிராம் அதில் அரை சதவீதம்கூட வராது. ஏற்காட்டை ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறுகிறீர்கள் என்றால் மிச்சமாவது சுமார் 20 நொடி.

உங்கள் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், வீலில் எல்லாவற்றுக்கும் வெளியே சுற்றுவது டயர். ஆரம்ப விலை வண்டிகளில் வரும் கம்பி வைத்த டயரைக் கழற்றிவிட்டு மடிக்கக்கூடிய நல்ல டயர் போட்டால் ஒன்றுக்கு 100 கிராமுக்கு மேல் குறையும், அதைவிட முக்கியம், ரோட்டில் உருளும்போது வீணாகும் சக்தி நன்றாகவே குறையும், இது முதல் கிலோமீட்டரிலேயே காலுக்குத் தெரியும். முதல் செலவு இதுதான். அண்ணன் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ரிம்மின் அந்த 50 மி.மீ. ஆழம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகிறவருக்கு அதனால் காற்றைக் கிழிப்பதில் கொஞ்சம் லாபம் உண்டு. நீங்கள் போகும் ஈ.சி.ஆரில் கடல் முழுக்க ஒரு பக்கம். விடியற்காலையில் கிளம்பிச் சீக்கிரம் திரும்பினால் பரவாயில்லை, வெயில் ஏறிக் கடல்காற்று தொடங்கியபின் முட்டுக்காடு பாலத்தில் ஏறினால் முன் வீலை யாரோ கையால் தள்ளுவதுபோல இருக்கும், அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு பஸ் போனால் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சமாளிப்பதே பெரிய வேலை.

கொல்லிமலையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. 70 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே முடியாது. ரிம் பிரேக்கில் அந்தச் சூடு முழுக்க ரிம்முக்குப் போகிறது. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம் அப்படி விடாது, சூடு ஒரே இடத்தில் தேங்கி, நார்களை ஒட்டி வைத்திருக்கும் பிசின் இளகி, ரிம்மின் ஓரம் புடைக்கலாம், ட்யூப் வெடிக்கலாம். புது ரிம், அதற்கென்றே செய்த பிரேக் கட்டை என்றால்கூட யோசித்து யோசித்துத்தான் இறங்க வேண்டும். யார் எந்த மலையில் எப்படிப் பிடித்து இறக்கினார் என்று தெரியாத பழைய கார்பன் ரிம்மில் அங்கே போகாதீர்கள். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன், 300 போகிறீர்கள் என்பதால். நானும் ஒரு 300 பி.ஆர்.எம்மில் 20 ஸ்போக் மட்டுமே உள்ள, தட்டைக் கம்பி போட்ட பின் வீலோடு போனேன். திண்டிவனம் தாண்டி நள்ளிரவில் டிங் என்று ஒரு சத்தம், ஒரு ஸ்போக் போய்விட்டது. 32 ஸ்போக் வீலில் ஒன்று போனால் வீல் லேசாக ஆடும், பக்கத்து ஸ்போக்கை இறுக்கும் நிப்பிளைத் திருகி ஓட்டிவிடலாம். 20-ல் ஒன்று போனதும் ரிம் பிரேக்கில் முட்டி நின்றே விட்டது. பின் பிரேக்கை முழுக்கத் திறந்துவிட்டு, முன் பிரேக்கை மட்டும் நம்பி விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். காலையில் ஒரு சைக்கிள் கடைப் பெரியவர் இருந்த கம்பிக் கட்டையெல்லாம் பிரித்துத் தேடினார், அந்த மாதிரி தலை வளையாத நேர்த்தலைக் கம்பி அவரிடம் எப்படி இருக்கும்? 20 மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அதிலிருந்து எந்த வீலைப் பார்த்தாலும் எடையைக் கேட்பதற்கு முன்னால் ஸ்போக்கைத்தான் எண்ணுகிறேன்.

சரி, எதை வாங்குவது? அலுமினியம், ஆழம் 30 மி.மீ. போதும், உள் அகலம் 17 அல்லது 19 மி.மீ., முன்னால் 24, பின்னால் 28 ஸ்போக், தலை வளைந்த சாதாரண வட்டக் கம்பி. ஜோடி 1,600, 1,700 கிராமில் கிடைக்கும். வீலின் கோணலை நிமிர்த்தி கோட்டம் எடுக்கத் தெரிந்த நல்ல கைக்காரர் உங்களுக்குப் பழக்கம் என்றால் ஹப்பும் (வீலின் நடுவில் உள்ள உருளை) ரிம்மும் தனியாக வாங்கி அவரையே கட்டித்தரச் சொல்வது இன்னும் நல்லது. பின் வீலில் இரண்டு பக்கமும் கம்பி நீளம் வேறு வேறு, ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கி ஃபிரேமில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். அடைத்த பேரிங் உள்ள ஹப்பாகப் பாருங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் 6902 மாதிரி ஒரு எண் இருக்கும், அதைச் சொன்னால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும்.

பணம் கொடுக்கும் முன்பு பின் ஹப்பின் அகலம் 130 மி.மீ. தானா என்று கேளுங்கள், டிஸ்க் வண்டியின் 142 மி.மீ. ஹப் உங்கள் ஃபிரேமில் உட்காராது. பின் ஹப்பில் கியர் பற்சக்கரக் கொத்து, அதாவது கேசட், உட்காரும் பகுதிதான் ஃப்ரீஹப். இப்போது வரும் ஷிமானோ ஃப்ரீஹப் பெரும்பாலும் 11 கியருக்கானது, அதில் உங்கள் 9 கியர் கேசட்டைப் போட 1.85 மி.மீ. வளையம் ஒன்று உள்ளே போட வேண்டும், இல்லையென்றால் கேசட் ஆடும்.

இன்று மாலையே பழைய ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பட்டையைப் பாருங்கள். தேய்மானம் காட்டுவதற்கென்று பல ரிம்களில் ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்திருந்தால், அல்லது விரலால் தடவும்போது பட்டை உட்குழிந்திருந்தால், வீல் செலவைத் தள்ளிப்போட முடியாது, மலைக்குப் போகும் முன்பே மாற்றுங்கள். நன்றாக இருந்தால் டயரை மட்டும் மாற்றி, ஒருமுறை கோட்டம் எடுத்து, அதே வீலில் 300-ஐ முடித்துவிட்டு எழுதுங்கள்.