மடித்த துணியை மறுபடி மடிப்பது

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 27 வயது. ஐந்து வருடங்களுக்கு முன் மனச்சிதைவு என்றார்கள். மருந்தில் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது, ஆனால் நாளெல்லாம் படுத்தே கிடக்கிறான். நோய் போய்விட்டது, இப்போது இருப்பது வெறும் சோம்பேறித்தனம் என்கிறார் கணவர். இரண்டு வாரமாக மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடிக்கிறான். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமா? அவனுக்காக நாங்கள் எங்கும் போவதில்லை, யாரையும் அழைப்பதில்லை, எங்கள் வாழ்க்கையையே விட்டுவிட்டோம். போன வாரம் அதிசயமாக, காய்ந்த துணிகளை அவனாகவே எடுத்து மடித்து வைத்திருந்தான். எல்லாம் கோணல்மாணல். நான் உட்கார்ந்து திரும்ப மடித்தேன். ஏனோ அழுகை வந்துவிட்டது. என் வளர்ப்பில்தான் பிழையா?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள அம்மா,

பல நாட்களாக, இதே நோய் வந்த என் அண்ணனைப் பற்றி எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளைப் படித்ததும் இனி தள்ள முடியாது என்று தோன்றிவிட்டது.

முதலில் நீங்கள் கேட்டது. கலக்காதீர்கள். சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயில் சாதாரணமாக வருவது. அதை நீங்களே உண்மையாக்கிவிட்டால், பிறகு எந்தக் கையிலிருந்து அவன் சாப்பிடுவான்? ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்டீர்களா? எடை ஏறுகிறது, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம், ஆண்மை சார்ந்த சிக்கல்கள். இதையெல்லாம் ஒரு பையன் அம்மாவிடம் சொல்ல மாட்டான், அதனால் மருத்துவரிடம் அவன் தனியாகப் பேச வழி செய்யுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அவன் சம்மதித்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை, பலர் சில வாரங்கள், மாதங்கள்கூட நன்றாகவே இருப்பார்கள், நிறுத்தியது சரிதான் என்று அவனும் நம்புவான், வீட்டிலும் நம்பிவிடுவார்கள். இன்னொன்று, செத்துப்போவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வளர்ப்பில் பிழையா என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர் தாயின் நடத்தையே இந்த நோயை உண்டாக்குகிறது என்று பொருள்படும்படி ஒரு சொல்லைக் கொண்டுவந்தார், அதன் பேரால் எத்தனையோ தாய்மார்கள் பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அந்தக் கருத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் அதைத் தூக்கிச் சுமக்கிறீர்கள்?

உங்கள் கணவரிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஐயா, அது சோம்பேறித்தனம் இல்லை. குரல் கேட்பது, சந்தேகம் இதெல்லாம் நோயின் ஒரு முகம். எழ முடியாமை, குளிக்கத் தோன்றாமை, எதிலும் ருசி இல்லாமை, முகத்தில் சிரிப்போ அழுகையோ தெரியாமை, இதெல்லாம் அதே நோயின் இன்னொரு முகம். முதல் முகத்துக்கு மருந்து நன்றாகக் கேட்கும், இரண்டாவதுக்கு அவ்வளவாகக் கேட்காது. கால் உடைந்தவனை ஓடு என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். என் அப்பா அப்படித்தான் சொன்னார். தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணனின் அறை வாசலில் நின்று, "துரை இன்னும் எழுந்திருக்கலையா?" என்பார். கத்தமாட்டார், மெதுவாகத்தான் சொல்வார். அந்த மெதுவான குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

குரல் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் லண்டனில், மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த ஆண்களுக்கு அதன்பின் என்ன ஆனது என்று பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களோடும் வாடகை அறையிலும் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். அவருக்கே வியப்பு. பிறகு அவரும் கூட்டாளிகளும் குடும்பத்தாரைத் தனியாகப் பேசவைத்து, அதை ஒலிப்பதிவு செய்து, என்ன சொன்னார்கள் என்பதோடு எந்தத் தொனியில் சொன்னார்கள் என்றும் கேட்டுக் குறித்தார்கள். 1972-இல் வெளியான ஆய்வில், குறைகூறலும் வெறுப்பும் மிதமிஞ்சிய ஈடுபாடும் அதிகமாக இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் 58 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். நோயை உண்டாக்குவது குடும்பம் என்று இதற்குப் பொருள் இல்லை. களைத்துப்போன குடும்பம்தான் அப்படிப் பேச ஆரம்பிக்கிறது, ஐந்து வருடம் என்பது சாதாரணக் களைப்பா?

அந்தப் பட்டியலில் மூன்றாவதாக வருவதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள் அம்மா. மிதமிஞ்சிய ஈடுபாடு. அவனுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று பெருமையும் வலியுமாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். யார் விடச் சொன்னார்கள்? அவனா கேட்டான்? 27 வயது மனிதன் கண் விழிக்கும்போதெல்லாம் இரண்டு முகங்கள் கவலையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வான். இந்த வகை ஆய்வுகளில் ஒரே அறையில் வாரத்துக்கு 35 மணி நேரம் என்று ஒரு கோடு போட்டார்கள், அப்படிக் குறைகூறலும் ஈடுபாடும் மிகுந்த வீடுகளில் அதற்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. வெளியே போங்கள். தோழியைப் பாருங்கள், ஆட்களை வீட்டுக்கு அழையுங்கள், அவர்கள் என்ன பேசுவார்கள் என்ற கவலையை விட்டுத்தள்ளுங்கள்.

சரி, துணி.

எங்கள் வீட்டில் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவி கொடுக்க வேண்டும். அந்த வேலையை அம்மா அண்ணனிடம் கொடுத்தாள். எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு இருபத்து மூன்று. அவன் சனிக்கிழமை இரவே சட்டையைத் துவைத்துப் போட்டுவிடுவான், ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து முக்காலியில் ஏறுவான். மற்ற ஆறு நாளும் குளிக்காதவன். நான்கு வாரம் இப்படிப் போயிற்று. ஒருமுறை கொஞ்சம் பிந்தினான், கடிகாரம் பத்து நிமிடம் நின்றுவிட்டது. அதிலிருந்து அப்பா யாருக்கும் தெரியாமல் சனிக்கிழமை இரவே சாவி கொடுக்க ஆரம்பித்தார். திட்டவில்லை, அவனுக்கு உதவி என்றே நினைத்தார். அந்த ஞாயிறு அண்ணன் முக்காலியில் ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, சாவியைப் பொருத்தித் திருப்பினான். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. இன்னொருமுறை மெல்லத் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் சாவியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றான், அப்புறம் இறங்கி, சாவியை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனான். ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவன் அந்த வீட்டில் எந்த வேலையையும் தொடவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பாவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

பல வருடம் கழித்து அவனை மறுபடி எழுப்பியது என் மகள். ஐந்து வயதில், பள்ளி ஷூவுக்குக் கயிறு கட்டப் பெரியப்பாதான் வேண்டும் என்றாள். தினமும் ஏழரைக்கு வந்து நிற்பான். முடிச்சு தளர்ந்து பாதி வழியில் அவிழும். அவள் அப்படியே இழுத்துக்கொண்டு நடப்பாள், வேறு யாரையும் கட்ட விடமாட்டாள்.

உங்கள் மகன் யாரும் சொல்லாமல் எழுந்துபோய்த் துணியை எடுத்திருக்கிறான். எது யாருடையது என்று பிரித்திருக்கிறான். அந்த நோயோடு அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் அழுகை வந்தது. நீங்கள் திரும்ப மடித்ததை அவன் பார்த்தானா? எழுதவில்லையே. பார்த்திருந்தால் அவனிடமே சொல்லுங்கள், நான் மாற்றியிருக்கக் கூடாது என்று, ஒரே வரியில், கண்ணீர் இல்லாமல். அடுத்த துவையல் காய்ந்ததும் கூடையை அவன் அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்று மடிக்காவிட்டால் மறுநாள் வரை அங்கேயே இருக்கட்டும். மடித்தால், அதிலிருந்து ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, இஸ்திரி போடாமல், சுருக்கத்தோடேயே வெளியே போய் வாருங்கள்.

அன்புடன்.