எச்-சுட்டெண் ஆறு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். விஞ்ஞானப் பட்டப்படிப்பு இறுதி வருடம். நுண்ணுயிரியலில் மேலே படிக்க விருப்பம். எங்கள் சேர் நீண்ட காலமாக வயல்மண்ணில் உள்ள பற்றீரியாக்களை ஆராய்கிறார். கனடாவிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "எச்-சுட்டெண் ஆறுதானே? இவருக்குக் கீழே செய்து என்ன பலன்? ஓடுற தலைப்பா எடு பிள்ளை" என்கிறார். அந்த எண்ணை வைத்து ஒருவரை அளக்கலாமா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

பெரியப்பா உங்கள் நன்மையை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். சேரிடமே செய்யுங்கள்.

எச்-சுட்டெண் என்பது 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த கணக்கு. ஆறு என்றால், குறைந்தது ஆறு தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஆறு அவருக்கு உண்டு. அவ்வளவுதான். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் துறையில் அது தானாக ஏறும். மூதூர், கந்தளாய் வயல்மண்ணைப் பற்றி எழுதுபவரை மேற்கோள் காட்ட அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை, புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு முறையைப் பற்றி லௌரியும் குழுவினரும் 1951இல் எழுதியது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். 2014இல் 'நேச்சர்' சஞ்சிகை வெளியிட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலில் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன கட்டுரைக்கு இடமே இல்லை. பெரியப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

நிலாவெளிப் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பெயினில் சாந்தா போலா என்ற ஊரிலும் உப்பளங்கள் உண்டு. அங்கே உப்பில் வாழும் ஒரு நுண்ணங்கியைத்தான் பிரான்சிஸ்கோ மொஹிகா தன் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். அதன் டி.என்.ஏ.யில் ஒரே வரிசை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தது. 1993இல் எழுதினார். ஏன் அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பெரிதாகக் கவலைப்பட்டவர்களும் இல்லை. அவர் விடவில்லை. பத்து வருடம் கழித்து, இடைவெளியில் இருக்கும் துண்டுகள் வைரஸ்களிலிருந்து வந்தவை, நுண்ணங்கி தன்னைத் தாக்கும் வைரஸை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி அது என்று கண்டுகொண்டார். அந்தக் கட்டுரையைப் பெரிய சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 2005இல் ஒரு சிறிய சஞ்சிகையில்தான் வந்தது. இன்று மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிறிஸ்பர் முறையின் வேர் அது. அந்த முறைக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தபோது மொஹிகாவின் பெயர் அதில் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறாத வருத்தம். 1990களில் யாராவது அவருடைய மேற்கோள்களை எண்ணிப் பார்த்து, வேறு தலைப்புக்குப் போ என்று சொல்லியிருந்தால்?

சரி, உங்கள் சேரின் வயல்மண்ணுக்கு வருவோம். மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பற்றீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வயலில் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு, ஆபத்து அதிகம். காசநோய் போலத் தோன்றி ஏமாற்றும். ஜென்டமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் எடுபடாது. செப்டாசிடிம், மெரோபெனம் போன்றவை வேண்டும். இலங்கையில் 1927இலேயே பதிவான நோய் இது. அதன்பின் பல காலம் அரிதாகவே பேசப்பட்டது. தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளர்கள் தெரியவந்தார்கள். இந்த மண்ணில் இது இருக்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், அதைப் படித்த வைத்தியர் ஒருவர் சரியான மருந்தைத் தொடங்குவார். அவர் கட்டுரை எழுதப் போவதில்லை. அந்த வாசிப்பு எந்தச் சுட்டெண்ணிலும் ஏறாது. ஆனால் கிண்ணியாவில் ஒரு விவசாயி பிழைத்து வீட்டுக்குப் போவார்.

அதற்காக எண்ணை அடியோடு ஒதுக்கவும் முடியாது. புலமைப்பரிசில், பதவி உயர்வு எல்லாவற்றிலும் கேட்கிறார்கள். ஆகவே செய்த வேலை காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரபணு வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சேருங்கள். மூன்று நாளில் பிரசுரிக்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே போடாதீர்கள். நான் சொன்ன பற்றீரியாவை எடுப்பதானால் சாதாரண மேசையில் வளர்க்க வேண்டாம். காற்றுவழியே தொற்றும், உயர் பாதுகாப்பு ஆய்வுகூடம் தேவை.

அப்புறம் பெயர். நம் பெயர்களில் தகப்பன் பெயர் ஒருமுறை முன்னெழுத்தாகவும் ஒருமுறை குடும்பப் பெயராகவும் அச்சாகிறது. ஒரே ஆளின் கட்டுரைகள் இணையத்தில் இரண்டு மூன்று பேருடையவையாகப் பிரிந்து கிடக்கும். சேரின் ஆறுகூட அப்படிக் குறைந்ததாக இருக்கலாம், அவரிடமே கேட்டுப் பாருங்கள். முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஓர்கிட் எண் ஒன்றை எடுத்து, ஒரே வடிவத்தில் பெயரை எழுதத் தொடங்குங்கள். பதிவு இலவசம்.