பழைய ஹொண்டா சி90க்கு எந்த ஒயில் பில்டர் பூட்டலாம்?

அப்பாவின் சி90 மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஓட வைத்திருக்கிறீர்கள், எஞ்சினில் பில்டரே இல்லை, வெளியே ஒரு கார் பில்டர் பூட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நான் பூட்டிப் பார்த்து எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் ஒன்றைப் பலி கொடுத்தவன்.

முதலில், பில்டர் இல்லை என்பதே பிழை. வலப்பக்கக் கவரைக் கழற்றினால் கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) முனையில் கிளட்ச் இருக்கும், அதன் மூடிக்குள்தான் பில்டர். கடதாசி ஒன்றும் கிடையாது. கிராங்க் சுற்றுகிற வேகத்தில் ஒயிலில் உள்ள பாரமான தூள் ஓரத்துக்கு வீசப்பட்டு அங்கேயே அப்பிக்கொள்ளும், தெளிந்தது நடுவால் கிராங்குக்குள் போகும். கீழே ஒரு வலையும் இருக்கிறது, உருவி எடுத்துக் கழுவலாம். எனது வண்டியில் முதல் தடவை திறந்தபோது மூடியின் ஓரம் முழுக்க எள்ளுப் பிண்ணாக்கு மாதிரிக் கறுப்பாக இறுகிக் கிடந்தது, சுரண்டிச் சுரண்டி ஒரு தேக்கரண்டிக்கு மேல் எடுத்தேன். 90களில் வடக்குக்குப் பெற்றோல் வராத தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது (காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிய கதை உங்கள் வீட்டிலும் இருக்கும்). எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், பிறகு தேய்மானம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

சரி, அந்தப் பிண்ணாக்கைப் பார்த்த பயத்தில்தான் ஒரு கராஜில் கொடுத்து, குழாய் இழுத்து, கார் பில்டர் பூட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் கிழமை மேலே டிக் டிக் என்று சத்தம். சி90இன் ஒயில் பம்ப் சின்னது, அழுத்தம் குறைவு. அதற்குக் குழாயும் கடதாசியும் சுமையாகிவிட்டால் முதலில் காய்வது ஹெட்தான், அங்கே வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டுக்குத் தனி பேரிங் இல்லை, அலுமினியத்திலேயே சுழல்கிறது. பைபாஸ் வால்வு (பில்டர் அடைத்தாலும் ஒயிலைப் போகவிடும் வழி) இல்லாத பில்டர் அடைத்தால் கதை முடிந்தது. ஒன்லைனில் விற்கும் பில்டர் வைத்த கவர்களும் பெரும்பாலும் சி50, சி70 வகை எஞ்சினுக்குச் செய்தவை, சி90க்குப் பொருந்தாது.

காசு செலவழிக்க ஆசை என்றால் எயார் பில்டருக்குச் செலவழியுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கம் கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போய்ப் பாருங்கள், சட்டைக் கொலருக்கு வரும் சிவப்பு எஞ்சினுக்கும் வரும். மண் ஒயிலுக்குள் சேர்வதே அந்த வழியால்தான். பெட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள றப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், எனக்கு வெடித்திருந்தது.

ஒயில் ஒரு லீட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், ஆகவே அடிக்கடி மாற்றுவது மலிவு. நான் 1000 கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றுகிறேன். போத்தலில் ஜாசோ எம்ஏ (ஒயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்கான தரம்) என்று இருக்க வேண்டும், ஸ்கூட்டருக்கு வரும் எம்பி வேண்டாம், கிளட்ச் வழுக்கும். காந்தம் வைத்த ட்ரெயின் நட் கிடைத்தால் போடுங்கள், அதில் கெடுதி ஒன்றும் இல்லை.

கிளட்ச் மூடியை ஐந்தாறு ஒயில் மாற்றத்துக்கு ஒருதடவை திறந்து துடைத்தால் போதும். காஸ்கெட்டை முதலே வாங்கி வைத்துக்கொண்டு திறவுங்கள். அந்த ஸ்குரூக்கள் மெத்தென்ற இரும்பு, சாதாரண ஸ்குரூ டிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும், சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.