மனு ரசீது கையில் இருக்கிறது, வழக்கு எங்கே?

கேள்வி: நெல்லிக்குப்பத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், காலனியில் குடியிருக்கிறோம். ஆதிதிராவிடர் வகுப்பு. பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி (19) புது பைக்கில் ஊர்த்தெரு வழியாக வந்தபோது நான்கு பேர் மறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். கடலூர் அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான். ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்ததோடு சரி, ஒன்பது நாள் ஆகிறது. ‘சமாதானமாகப் போயிடுங்க, பையன் படிப்பு கெட்டுடும்’ என்கிறார்கள். என்ன செய்வது? இரவுப் பாடசாலை நடத்தும் நாங்கள் ஏழு பேர், இப்படிப் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் துணை நிற்க ஓர் அமைப்பாகச் செயல்படலாமா?

பதில்: சகோதரி, முதலில் தம்பியை உட்கார வைத்து ஒன்றைச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் பைக் ஓட்டியது அவன் செய்த தவறு அல்ல. மறித்ததுதான் குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் அமலான திருத்தத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது தனிக் குற்றம். செருப்பையும் புதுத்துணியையும் ஒரு சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், எத்தனை தெருக்களில் எத்தனை பேர் அதற்காக அடிபட்டிருப்பார்கள்!

நம் பக்கத்தில் இன்னும் ‘பி.சி.ஆர். கேஸ் போடுங்க’ என்றுதான் கேட்கிறோம். அது 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம். காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து போன எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமையை ஆராய்ந்த குழு 1969-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1976-இல் அதைத் திருத்திக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (பி.சி.ஆர்.) என்று பெயர் மாற்றினார்கள். இந்த மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு அதில் பங்கு உண்டு என்பதை உங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் தம்பிக்குப் பொருந்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பேச்சில் எப்படிச் சொன்னாலும் சரி, எழுதும்போது இந்தப் பெயரையே எழுதுங்கள்.

இனி அந்த மனு ரசீது. சி.எஸ்.ஆர். என்கிற அந்தத் தாள் ‘உங்கள் மனு வந்தது’ என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைது செய்ய மாட்டார்கள், நிவாரணமும் வராது. எஃப்.ஐ.ஆர். வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்ற பேச்சுக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை 2018-இல் 18-ஏ பிரிவாகவே சேர்த்தார்கள்.

எனவே நாளைக்கே மறுபடி புகார் எழுதுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.), ஒப்படைத்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பழைய மனு ரசீதின் நகலையும் இணைத்து, எந்தத் தேதியில் ஸ்டேஷனுக்குப் போனீர்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒன்பது நாள் தாமதத்துக்கு விளக்கம் அதிலேயே வந்துவிடும். இல்லையென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது அதைத்தான். எஸ்.பி.யும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு போடலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. மனுவில் அந்தப் பிரிவை ஒரு வரி குறிப்பிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், அந்த வரி போதும்.

புகாரில் என்ன எழுதுவது என்பதில்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. ‘சாதிப் பெயரைச் சொல்லி அசிங்கமாகத் திட்டினார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். யார், எந்த வார்த்தையைச் சொன்னார் என்று அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். எழுதக் கை கூசும். எங்கள் அலுவலகத்தில் ஒரு தாய் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தாமல் காத்திருந்தோம், பிறகு அவரே சொன்னார். அடுத்து, இடம். திட்டியது பொதுமக்கள் பார்வையில் படும் இடமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. உங்கள் சம்பவம் தெருவில் நடந்திருக்கிறது. எந்தக் கோயில், எந்தக் கடை எதிரில், யார் யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். சி.சி.டி.வி. இருந்தால் பதிவு அழிவதற்குள் கேளுங்கள். இதே மாவட்டத்தில் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த கொடுமை 2020-இல் வெளியே வந்ததற்கு ஒரே ஒரு போட்டோதான் காரணம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடித்தது நான்கு பேர் என்றால் நான்கு பேர்தான். பழைய வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளியையோ, அங்கே இல்லாத பெரிய மனிதரையோ ஐந்தாவதாகச் சேர்க்காதீர்கள். ஒரு பொய், மிச்சமுள்ள உண்மையையெல்லாம் சாய்த்துவிடும்.

மருத்துவமனைத் தாள்களுக்கு வருவோம். சேர்க்கும்போது ‘எப்படி அடிபட்டது?’ என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு பையன், அடித்தவர்களின் ஆட்கள் வார்டு வாசலிலேயே நின்றதால் பயந்துபோய் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டேன்’ என்று சொல்லியிருந்தான். அதுவே பதிவாகிவிட்டது. முதுகில் தடித்த கழி அடையாளம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, ஆனால் நீதிமன்றத்தில் பேசியது அந்த ஒற்றை வரி. நாங்கள் ஒருநாள் தாமதமாகப் போனோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தம்பியின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே பாருங்கள். தெரிந்த நபர்கள் தாக்கியதாக இருந்தால் நல்லது. மாறாக இருந்தால், ஏன் அப்படிச் சொன்னான் என்பதைப் புகாரில் மறைக்காமல் எழுதுங்கள். நம் பக்கத்தில் பலத்த அடி என்றால் கோரிமேடு ஜிப்மருக்குத்தான் ஓடுகிறோம், அது புதுச்சேரி எல்லை. ‘எங்க லிமிட் இல்லை’ என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-வது பிரிவு, எல்லை பாராமல் பதியச் சொல்கிறது.

ஆரம்ப நாட்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இந்த மாவட்டம் அதன் விலையைக் கொடுத்திருக்கிறது. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று, சாதி மாறித் திருமணம் செய்த கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை மூடிமறைத்த வழக்கு அது. சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தபோது தேதி 2021 செப்டம்பர் 24. பதினெட்டு ஆண்டுகள்! தண்டனை பெற்றவர்களில் இருவர் போலீஸ் அதிகாரிகள். அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. ஸ்டேஷனில் ‘இது பெரிய தலைவலி, விடுங்க’ என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். நிவாரணம் ஏழு நாளில் கிடைக்க வேண்டும் என்பது விதி. 2016-இன் மத்திய அட்டவணைப்படி குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 வரை. பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தியதற்கு ஒரு லட்சம். அதில் கால்பங்கு எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே. தமிழ்நாட்டில் தொகையை உயர்த்தியிருக்கிறார்கள், நடப்பு விவரத்தை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தம்பியின் சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். பணம் அங்கேதான் மாதக்கணக்கில் நிற்கும்.

எதிரிகளுக்கு முன்ஜாமீன் கிடைப்பதை 18-வது பிரிவு தடுக்கிறது. வழக்குக்கு முகாந்திரமே இல்லை என்று தோன்றினால் மட்டும் நீதிமன்றம் தரலாம். கைதுக்குப் பின் ஜாமீன் கேட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் பேச்சையும் கேட்க வேண்டும். நோட்டீஸ் வராமல் ஜாமீன் போயிருந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எதிர்த்தரப்பு ‘பையன் எங்க செயினை அறுத்தான்’ என்கிற மாதிரி ஒரு கவுன்ட்டர் கேஸ் கொடுக்கக்கூடும். அதைக் கண்டு பின்வாங்காதீர்கள், உங்கள் வழக்கை வாபஸ் வாங்க வைக்கும் பழைய வழி அது. முந்திரித் தோப்பிலும் கரும்பு வெட்டிலும் காலனிக்காரர்களுக்கு வேலை இல்லை என்று ஊரில் முடிவெடுத்தால், அந்தப் புறக்கணிப்பும் இதே சட்டத்தில் தனிக் குற்றம்.

சமாதானம் பற்றி. ஸ்டேஷனில் எழுதி வாங்கி முடிக்கக்கூடிய வகையில் இந்தக் குற்றங்கள் வரவில்லை. படிப்பு கெடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அடிபட்டவனுக்குப் புகார் கொடுத்ததால் வேலை போகாது. அவன் மேல் கவுன்ட்டர் கேஸ் வந்தால்தான் சிக்கல், அதற்கு மருந்து நல்ல வக்கீல். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள், தொலைபேசி 15100. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. இரவில் தூங்காமல் தம்பி விழித்துக் கிடந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் ஏழு பேர். எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கேள்வி இது. சட்டத்தின் 15-ஏ பிரிவு, 12-வது உட்பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனத்தின், சமூகப் பணியாளரின், வக்கீலின் துணையைப் பெறுவதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. ‘நீங்க யாரு?’ என்று ஸ்டேஷனில் கேட்டால் இதைக் காட்டுங்கள். துணைக்குப் போகப் பதிவு எண் அவசியமில்லை. நிதி திரட்டவும் வங்கிக் கணக்கு தொடங்கவும்தான் பதிவு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் குறைந்தது ஏழு உறுப்பினர் தேவை, நீங்கள் சரியாக ஏழு பேர்.

அமைப்பின் முதல் சொத்து ஒரு பெரிய நோட்டாக இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த அலுவலகம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். எப்போதும் இருவராகப் போங்கள், பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் கூடப் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். காயத்தின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நிவாரணத் தொகையில் ஒரு ரூபாய்கூட, நன்கொடை என்ற பெயரில்கூட, வாங்காதீர்கள். நல்ல குழுக்கள் சில இந்த ஒரு இடத்தில்தான் பெயர் கெட்டன. ஊர்த்தெருவில் மனசாட்சியுள்ள ஆசிரியரோ கடைக்காரரோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். சாட்சி அங்கிருந்து வரும்போது வழக்கின் பலமே வேறு.

வெறுப்பின் பேரில் அடிபடும் எல்லாரையும் இந்தச் சட்டம் காக்காது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரைத்தான் பட்டியல் சாதியாகக் கொள்கிறார்கள். கிறிஸ்தவரான தலித் குடும்பம் அடிபட்டு வந்தால் சாதாரணத் தாக்குதல் வழக்குதான் வழி. அது அநியாயம் என்பது என் கருத்து. திருநங்கையருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன் தண்டனை குறைவு. சட்டம் இல்லை என்பதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். எஸ்.பி.க்கு அனுப்பிய புகாரின் நகல், தபால் ரசீது, ஏ.ஆர். காப்பி, மனு ரசீது ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். தம்பி பேசட்டும். நடுவில் அவன் நின்றுவிட்டால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம், பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுங்கள்.