அம்மா ஏன் சேனலை மாற்றச் சொல்கிறார்?

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவன் நான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது கரையில், அதாவது டிவி முன்னால். பழைய 'கலக்கப் போவது யாரு' காமெடி நிகழ்ச்சி ஓடினால் விடமாட்டேன். ஆனால் அறந்தாங்கி நிஷா வந்து புருஷனைக் கேலி பண்ண ஆரம்பித்ததும் அம்மா, "மாத்துடா, பொம்பளை பேசுற பேச்சா இது" என்பார். நண்டு கம்பெனியில் வேலை பார்க்கும் என் அம்மாவின் வாய்க்குத் தெருவே பயப்படும். அவர் அங்கே பேசுவதில் கால்வாசிகூட நிஷா பேசுவதில்லை. அப்புறம் ஏன் இந்தக் கோபம்? இன்னொன்று. நிஷா பிக்பாஸில் இருந்தபோது நானும் அவரைத் திட்டியவன்தான். எதற்குத் திட்டினேன் என்று இப்போது யோசித்தால் சரியான காரணம் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா கம்பெனியில் என்ன பேசுகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியே நின்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் உள்ளே நுழைந்திருந்தால் பேச்சு சட்டென்று நண்டு விலைக்கு மாறியிருக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

தேவிபட்டினத்தில் எனக்கு ஒரு பெரியம்மா. நலுங்கு வைக்கிற வீட்டில் அவர் பாட ஆரம்பித்தால் மாப்பிள்ளையின் மூக்கு, சம்பந்தியின் கஞ்சத்தனம், நாத்தனாரின் நடை எதுவும் தப்பாது. வசவு வாங்கிய சம்பந்தியம்மாளே கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். வாசலில் பெரியப்பாவின் செருமல் கேட்டால் போதும், முந்தானை தோளுக்கு ஏறும், பாட்டு முருகன் பாட்டாகிவிடும். நம் பக்கத்துப் பெண்களுக்கு நகைச்சுவை புதிதில்லை. யார் காதில் விழலாம் என்பதற்குத்தான் கணக்கு இருந்தது.

திருவிழா நாடகத்தையே பாருங்கள். வள்ளி திருமணம் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். வள்ளியும் முருகனும் வருவதற்கு முன் பபூன், அப்புறம் டான்ஸ். பபூன் பேசுவது பச்சையாகத்தான் இருக்கும். அதற்கு ஆண்கள் ஒரு பக்கம் சிரிப்பார்கள், பெண்கள் இன்னொரு பக்கம் சிரிப்பார்கள். பாய் விரித்து உட்காரும் இடமே தனித்தனி. என் அம்மா எந்த வசனத்துக்குச் சிரித்தார் என்று அப்பாவுக்குத் தெரியாது, அப்பா எதற்குச் சிரித்தார் என்று அம்மாவுக்கும் தெரியாது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கவனித்தீர்களா, அந்த மேடையில் சிரிக்க வைக்கிறவர் பபூன், ஆண். டான்ஸ்காரப் பெண்ணும் பதிலுக்குப் பதில் பேசுவார். ஆனால் கேலி அவர் தலையில்தான் வந்து விடியும்.

டிவி வந்து அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. பத்துக்குப் பத்து அறையில் மாமனார் கட்டிலில், மருமகள் அடுக்களை வாசலில், நீங்கள் தரையில், எல்லோருக்கும் ஒரே திரை. அந்தத் திரையில் ஒரு பெண் புருஷனை வாரினால் அம்மா எந்த முகத்தோடு சிரிப்பார்? சிரித்தால் "உனக்கும் அப்படித்தானா" என்று உங்கள் அப்பா திரும்பிப் பார்ப்பார். மாத்துடா என்று சொல்லிவிடுவது வசதி. கோபம் நிஷாமேல் இல்லை, அறையில் இருக்கும் உங்கள்மேல்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. என் பெரியம்மாவும் மாத்தச் சொல்கிற கட்சிதான். போன வருஷம் ஒரு மத்தியானம் பேத்தியின் செல்போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தால் நிஷா! என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, "என்னமோ விளம்பரம் வந்துச்சு" என்றார். எண்பது வயதைத் தொடப்போகிறவர்.

நிஷா வந்த வழியும் இதோடு ஒட்டியதுதான். அவர் பட்டிமன்ற மேடையிலிருந்து வந்தவர். பட்டிமன்றம் பெண்ணுக்கு ஒரு நல்ல மறைப்பு. 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டால் புருஷனைக் கிழிப்பது கடமை ஆகிவிடுகிறது. தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவரும் இருக்கிறார். பண்டிகை நாட்களில் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தில் பாரதி பாஸ்கர் எதிரணியை வாரும்போது எந்த அம்மாவும் சேனலை மாற்றச் சொன்னதில்லை. தலைப்பும் நடுவரும் இல்லாமல் அதே பெண் மைக்கோடு தனியாக நின்றால்தான் நமக்குக் கூசுகிறது. அந்த இடத்தில் வந்து நின்றதுதான் நிஷாவின் துணிச்சல். அதுவும் சென்னைப் பேச்சை ஒட்டவைத்துக்கொள்ளாமல், நமக்கு அடுத்த மாவட்டத்து ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரிக்க வைக்கிற பெண்ணுக்கு ஓர் உறவுமுறை கொடுத்துவிட்டால் கூச்சம் தெளிந்துவிடும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்து, 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்த மனோரமா ஆச்சி ஆனார். நிஷா அக்கா ஆகிவிட்டார். ஆனால் உறவு கொடுத்தால் உரிமையும் கூடவே வந்துவிடும், திட்டுகிற உரிமை. நீங்கள் பிக்பாஸில் திட்டிய கதைக்கு இங்கேதான் வருகிறேன்.

அது நான்காவது சீசன், 2020 அக்டோபரில் தொடங்கியது. கொரோனாவால் திருவிழா இல்லை, நாடகம் இல்லை, பட்டிமன்றம் இல்லை. ஊரே டிவி முன்னால் அடைந்து கிடந்த நேரம். மேடையில் சில நிமிஷம் பேசுவதற்கு எத்தனை நாள் எழுதி, அடித்து, திருத்தி, மனப்பாடம் செய்ய வேண்டும்! அந்த வீட்டிலோ எழுதிக்கொடுத்த பேச்சு கிடையாது. நாள் முழுக்கக் கேமரா. அங்கே அவர் மற்றவர்களைப் போலச் சோர்ந்தார், அழுதார், பிடித்தவர்கள் பக்கம் சாய்ந்தார். அவர் ஆட்டத்தை அவர் ஆடவில்லை என்று ஒரே பேச்சு. நானும் சொன்னேன். இப்போது நினைத்தால், நாம் கேட்டது ஆட்டத்தை இல்லை. சிரிப்புக்காரி எப்படிச் சோர்ந்துபோகலாம் என்று கேட்டிருக்கிறோம். கடலுக்குப் போய் வெறும் வலையோடு வருகிற நாள் உங்களுக்கு இல்லையா? அன்றைக்குக் கரையில் நின்று யாராவது "சிரிடா" என்றால் என்ன சொல்வீர்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

எனக்கும் அவரோடு ஒரு பிணக்கு உண்டு. தன் நிறத்தையும் உடம்பையும் தானே கேலி செய்கிற பகுதிகளுக்கு நான் சிரிப்பதில்லை. மற்றவன் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்கிற தந்திரம் அது, புரிகிறது. ஆனாலும் உப்புக்காற்றிலும் வெயிலிலும் ஊரே கறுத்துக் கிடக்கிற நம் கரையில், சிவப்பழகு கிரீம் இல்லாத பெட்டிக்கடை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று எனக்குப் பயம். புருஷனை வாருகிற நிஷாவைத்தான் எனக்குப் பிடிக்கும். உங்கள் அம்மா மாற்றச் சொல்கிற அதே நிஷா.

தடைக்காலம் முடிய ஜூன் 14 வரை நாள் இருக்கிறது. ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ரிமோட்டை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செருமாதீர்கள்.

அன்புடன்,
அக்கா