வயர்லெஸ் இணையச் சேவைக்கான அரசாங்க டெண்டர்: சிறு நிறுவனம் நேரடியாக இறங்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஏழு பேர் வேலை செய்யும் கணினி வலையமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வைஃபை பொருத்தித் தருகிறோம். நிதியமைச்சில் பதிவும் உண்டு. கூட்டரசுத் துறை ஒன்று, பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தன் 12 கிளை அலுவலகங்களுக்கு 36 மாதங்களுக்கு வயர்லெஸ் இணையச் சேவை வழங்க டெண்டர் அழைத்திருக்கிறது. 4ஜி அல்லது 5ஜி இணைப்பு, உள்ளே வைஃபை, பராமரிப்பு அனைத்தும் அதில் சேரும். எங்கள் கணக்குப்படி மதிப்பு ஏறக்குறைய 800,000 ரிங்கிட். நாங்கள் நேரடியாகப் பங்கெடுக்கலாமா? விலையைக் குறைத்துக் கொடுத்தால் கிடைத்துவிடுமா?

பதில்: பங்கெடுக்கலாம், ஆனால் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம், பழுது நீக்கும் நேரத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதத்தை உங்களுக்குத் தந்தால் மட்டுமே பங்கெடுங்கள். விலை இரண்டாவது விஷயம். இப்படிச் சொல்வதற்கான காரணம் டெண்டர் ஆவணத்தின் பின்பக்கங்களில், பலரும் புரட்டாமல் விடும் சேவைத்தர நிபந்தனைகளில் இருக்கிறது. அதற்குமுன், தகுதியைப் பற்றிய சில விஷயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

நிதியமைச்சுப் பதிவு இருப்பது மட்டும் போதாது. கோட் பிடாங் எனப்படும் துறைக் குறியீடு, அறிவிப்பில் கேட்கப்பட்டதோடு பொருந்த வேண்டும். வயர்லெஸ் உள்ளிட்ட தொலைத்தொடர்பு, வலையமைப்புப் பணிகளுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 210105. கணினி விற்பனைக்கான குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நுழைய முடியாது. பூமிபுத்ரா தகுதி கேட்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே பாருங்கள். சில மதிப்பு வரம்புகளில் விலைப்புள்ளிகள் அந்தத் தகுதியுள்ள நிறுவனங்களுக்கென ஒதுக்கப்படுவதும், பொது டெண்டர்களில் அவற்றுக்கு விலைச் சலுகை தரப்படுவதும் நம் நாட்டுக் கொள்முதல் முறையின் பகுதிகள். அதற்காகப் பிறருடைய உரிமத்தின் பின்னால் நின்று டெண்டர் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; பிடிபட்டால் போவது உங்கள் பதிவுதான். மதிப்பு வரம்புகளையும் சலுகை விகிதங்களையும் நண்பர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் நிதியமைச்சின் நடப்புச் சுற்றறிக்கையில் பாருங்கள். அவை அவ்வப்போது மாற்றப்படுகின்றன. 2025இல் அரசாங்கக் கொள்முதல் மசோதாவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது.

அடுத்தது உரிமம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் நான்கு வகை உரிமங்களைப் பிரித்துவைத்திருக்கிறது: வலையமைப்பு வசதிகள், வலையமைப்புச் சேவை, அப்ளிகேஷன் சேவை, உள்ளடக்க அப்ளிகேஷன் சேவை. கோபுரமும் கேபிளும் முதல் வகை; அவற்றின் மேல் தரவைக் கடத்தும் திறன் (பேண்ட்வித்) இரண்டாம் வகை. அலுவலகத்துக்குள் வைஃபை பொருத்தித் தரும் வரை நீங்கள் குத்தகையாளர்தான். ஆனால் இணைய இணைப்பை உங்கள் பெயரில் மாதந்தோறும் பில் போட்டு விற்கத் தொடங்கினால், அப்ளிகேஷன் சேவைக்கான வகுப்பு உரிமத்தைத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டதும் இதே வகுப்பு உரிமம்தான் என்பதால், அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். டெண்டர் ஆவணம் வலையமைப்புச் சேவை உரிமத்தைக் கட்டாயமாகக் கேட்டிருந்தால் முதன்மைப் பங்கேற்பாளராக நீங்கள் வர இயலாது. அந்த உரிமம் உள்ள நிறுவனத்தின் துணைக் குத்தகையாளராகத்தான் வரலாம். கருவிகளைப் பொறுத்தவரை, சிரிம் நிறுவனத்தின் தரச் சான்றும் முத்திரையும் இல்லாத ரௌட்டரையோ, வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பாயின்டையோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இனி சேவைத்தர நிபந்தனைகளுக்கு வருவோம். இத்தகைய ஆவணங்களில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும்: மாதத்தின் மொத்த நேரத்தில் 99.5 விழுக்காடு சேவை கிடைக்க வேண்டும். பழுது 4 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட வேண்டும். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் சேவை தடைபடலாம் என்று விடப்பட்ட அரை விழுக்காடு 3 மணி 36 நிமிடம். தீவிலுள்ள பாலேக் புலாவ் கிளையில் ஒரே ஒரு பழுது ஏற்பட்டு, உங்கள் ஆள் பாலத்தைக் கடந்து போய் 3 மணி 50 நிமிடத்தில் சரிசெய்துவிட்டாலும், பழுது நிபந்தனையை நிறைவேற்றிய அதே நேரத்தில் மாத நிபந்தனையை மீறியிருப்பீர்கள், அபராதம் பிடிக்கப்படும். 99.9 விழுக்காடு என்றிருந்தால் மாதம் முழுவதற்கும் உங்களுக்குள்ள அவகாசம் 43 நிமிடம்தான். சேவை கிடைக்கும் இந்த விழுக்காடு ஒவ்வொரு கிளைக்கும் தனியாகக் கணக்கிடப்படுகிறதா, 12 கிளைகளுக்கும் சராசரியாகவா, மின்தடை நேரம் கழிக்கப்படுமா, அலுவலகம் பூட்டியிருக்கும் இரவில் நேர்ந்த பழுது எப்போதிலிருந்து எண்ணப்படும் என்பவற்றையெல்லாம் விளக்கம் கேட்கும் காலத்துக்குள் எழுத்துமூலம் கேளுங்கள். நிபந்தனையை எழுதிய அதிகாரியே இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம். கேட்டால் திருத்தம் வருவதுண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த 4 மணி நேரம் உங்கள் கையில் இல்லை என்பது. கோபுரத்தில் கோளாறு என்றால் நீங்கள் செய்யக்கூடியது தொலைபேசியில் புகார் கொடுப்பது மட்டுமே. சாதாரண வணிக சிம் திட்டங்கள் முடிந்தவரை என்ற அடிப்படையில் விற்கப்படுபவை. அவற்றில் நேர உத்தரவாதம் இருப்பதில்லை. அரசாங்கத்துக்கு 4 மணி நேர உறுதி கொடுத்துவிட்டு, எந்த உறுதியும் இல்லாத இணைப்பை வாங்கி வைத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள அபராதம் முழுவதையும் சுமக்கப்போவது உங்கள் ஏழு பேர் நிறுவனம். கடிதத்தைப் பற்றி முதலிலேயே சொன்னது இதனால்தான்.

இரண்டு நிறுவனங்களின் சிம்மைப் போட்டு ஒன்று விழுந்தால் மற்றொன்று என்று ஏற்பாடு செய்வோம் என்பது அடுத்து வரும் யோசனை. 4ஜியில் இது பலன் தரும். 5ஜியில் ஒரு கண்ணி இருக்கிறது. 2021இல் தொடங்கப்பட்ட டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் ஒரே 5ஜி வலையமைப்பை அமைத்து, அதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மொத்த விற்பனை செய்துவந்தது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் சிம்களும் அதே வலையமைப்பையே நம்பியிருக்கக்கூடும். இரண்டாவது 5ஜி வலையமைப்பை அமைக்க யு மொபைல் 2024 நவம்பரில்தான் தேர்வு செய்யப்பட்டது. எனவே மாற்று இணைப்பு எந்தக் கிளையில் எந்த வலையமைப்பிலிருந்து வருகிறது என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். 3ஜி 2021 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னமும் 3ஜியை மாற்று வழியாகக் காட்டும் பழைய ரௌட்டர் விவரப் பட்டியல்களை இணைத்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிளைகளை நேரில் பார்வையிடும் தல வருகை கட்டாயம் என்று அறிவிப்பில் இருந்தால், வராதவரின் டெண்டர் ஏற்கப்படாது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம் போட்ட கைப்பேசிகளோடு சென்று, ரௌட்டர் வைக்கப்போகும் மூலையிலேயே சமிக்ஞையையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் அளந்த எண் உள்ளறைக்குப் பொருந்தாது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சுவர்கள் தடிமனானவை. கட்டடம் பாரம்பரியப் பகுதியில் இருந்தால், வெளிச்சுவரில் ஆண்டெனா பொருத்த யார் அனுமதி தர வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை அவற்றை ஏற்கெனவே நிரப்பியிருந்தால், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் அக்சஸ் பாயின்டுகளைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

விலையைக் குறைத்தால் கிடைக்குமா என்று கேட்டீர்கள். தொழில்நுட்ப முன்மொழிவும் விலையும் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றன. கட்டாய அம்சம் ஒன்றில் பொருந்தவில்லை என்றாலே விலை ஒப்பீட்டுக்கு நீங்கள் வர மாட்டீர்கள். துறையின் மதிப்பீட்டைவிட மிகவும் தாழ்ந்த விலை, இவரால் செய்து முடிக்க முடியுமா என்ற ஐயத்தையே எழுப்பும். இதுபோன்ற பணிகள் முன்பு என்ன விலைக்குப் போயின என்பதை அரசாங்கக் கொள்முதல் தகவல்களை வெளியிடும் மைபுரோக்யூர்மென்ட் தளத்தில் வெளியாகும் முடிவுகளில் பார்த்து அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். 500,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 5 விழுக்காடு செயல்நிறைவேற்றப் பிணை (பணியைச் சரியாக முடிப்பதற்கான வங்கி உத்தரவாதம்) பொதுவாகக் கேட்கப்படும் என்பதையும் விலையில் சேருங்கள்: மொத்த மதிப்பான 800,000 ரிங்கிட்டில் கணக்கிட்டால் அது 40,000. சிறு நிறுவனங்களிடம் வங்கிகள் பொதுவாக அதற்கு ஈடாக வைப்புத்தொகை கேட்கும். குத்தகை முடிந்து மேலும் 12 மாதங்களுக்குப் பிணை செல்லுபடியாக வேண்டும் என்றால், அந்தப் பணம் நான்கு ஆண்டுகள் முடங்கும்.

டெண்டர் முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்புவரை அந்தக் கடிதம் கைக்கு வராவிட்டால் இந்த டெண்டரை விட்டுவிடுங்கள். பங்கெடுக்கப்போகும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பினாங்கு விற்பனைப் பிரிவை அணுகி, 12 கிளைகளின் பொருத்தும் பணியையும் பராமரிப்பையும் துணைக் குத்தகையாக எடுப்பதாகச் சொல்லுங்கள். பாலத்தின் இரு பக்கமும் ஓடக்கூடிய ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு வேண்டியதும் அதுதான்.